நல்ல மனுஷர் என்றால் போதுமா?

போடியில் பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்பிய வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பெரிய விமானக் கம்பெனியில ஆயிரத்துல ஒருத்தன். தொழிலதிபரோட சொந்த விமானம்னா வீட்டுப்பிள்ளை மாதிரி வச்சுக்குவார். சம்பளமும் கூட, வேலையும் குறைச்சல். முதலாளி நல்ல மனுஷரா இருந்தா போதும்." ஏலத்தோட்டத்தை அடகு வைத்துப் படிக்க வைத்தவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கு தப்பு.

சம்பளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறிப்பிட்ட ரக ஜெட்டை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கு லட்சக்கணக்கில் ஆகும். அந்தச் செலவை ஏற்கும் முதலாளி பெரும்பாலும் பத்திரம் எழுதி வாங்குவார். எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று படித்த பிறகுதான் அந்தச் சம்பளம் பெரிதா சிறிதா என்று தெரியும்.

வேலை குறைச்சல் என்பது பறக்கும் மணியை மட்டும் எண்ணுகிறவர்கள் பேச்சு. காலையில் மதுரையிலிருந்து சென்னைக்குப் பறந்துவிட்டு, முதலாளியின் கூட்டம் முடியும்வரை இரவு ஒன்பது மணிக்கும் காத்திருப்பவன் ஓய்வில் இல்லை. விமானிக்குப் பணிநேரம் வேலைக்கு வந்து சேர்ந்ததிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதை மதித்து, "இன்றைக்குத் திரும்ப வேண்டாம், தங்கிக்கொள்" என்கிற இடம்தான் வேலை செய்யத் தக்க இடம்.

நல்ல மனுஷர் என்ற வாதத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2020 ஜனவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கலபாசஸ் மலைச்சரிவில் ஹெலிகாப்டர் மோதி, கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்தார்கள். விமானிக்கும் அவருக்கும் நல்ல உறவு. போயே தீரவேண்டும் என்று வாடிக்கையாளரோ கம்பெனியோ நெருக்கியதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021-ல் சொன்னது. விமானி மேகத்துக்குள் போய்த் திசையுணர்வை இழந்தார். தனக்குத் தானே ஏற்றிக்கொண்ட அழுத்தமும், கம்பெனியின் பாதுகாப்புக் கண்காணிப்பு போதாததும் சேர்ந்தன. பிரியமானவரிடம் "முடியாது" என்பது அவ்வளவு கடினம்.

நம் மலைக்கும் இது புதிதல்ல. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததற்கும், பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததையே விசாரணை காரணமாகச் சொன்னது. போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரர் மூடுபனி இறங்கினால் வண்டியை ஓரங்கட்டுவார். வானத்தில் ஓரம் கிடையாது. கிளம்பும் முன்பே நிறுத்தவேண்டும்.

இறுதி முடிவு விமானியுடையது என்று சர்வதேச விதியே சொல்கிறது. சோறு போட்டவர் முன்னால் அந்த உரிமையை எடுத்து நீட்ட இருபத்தைந்து வயதுப் பையனால் முடியுமா? அதனால் மேகத்தின் உயரம், பார்வைத் தூரம் எவ்வளவுக்குக் கீழே போனால் பயணம் ரத்து என்று எழுதி வைத்திருக்க வேண்டும். முதலாளி நேரடியாக விமானியை அழைக்காமல், இடையில் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

"இதையெல்லாம் கேட்டா வேலை கிடைக்காதே" என்பார்கள். கேட்டதற்காக மறுக்கிற இடம், பனி நாளில் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதனால் நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள் தம்பி: கடைசியாக வானிலையால் எந்தப் பயணம் ரத்தானது? அன்றைக்கு "முடியாது" என்ற விமானி இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறாரா?