சாலையைக் காட்டிச் சாவைக் கழிக்க முடியுமா?

மகிந்த ராஜபக்சே பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்களில் ஒருவராவது இப்படிச் சொல்லிவிடுகிறார்: "போர்ல தப்பு நடந்திருக்கலாம்பா. ஆனா நாட்டுக்கு எவ்வளவோ பண்ணியிருக்காரே!" பி.காம். படிக்கிறவர்களே இப்படிக் கணக்குப் போடுவதுதான் தாங்கவில்லை.

சரி, வரவை முதலில் எழுதுவோம். 2005 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை அவர் அதிபர். 2011-ல் காலிக்கு அதிவேக நெடுஞ்சாலை, 2013-ல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இன்னொன்று. 1990-ல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014-ல் மறுபடி ஓடியது (அது இந்தியக் கடனில்!). இல்லை என்று சொல்லவில்லை.

இனி பற்று. 2009-ல் வன்னியில் அரசே பாதுகாப்பு வலயம் அறிவித்து மக்களை அங்கே வரச் சொன்னது. அந்த வலயங்களையும் மருத்துவமனைகளையும் அரசுப் படை ஷெல்லடித்தது என்றும், 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. புலிகள் மக்களைக் கேடயமாக்கியதையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. மறைக்க வேண்டாம். ஆனால் அதனால் ஷெல் அடித்தவரின் பொறுப்பு குறைந்துவிடாது.

இப்போது சொல்லுங்கள். செல்வத்துக்குத் தர வேண்டிய பாக்கியை முருகனிடம் கொடுத்துவிட்டுக் கணக்கை மூட முடியுமா? நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் ஒருவர், அந்தக் கரண்டில் விளக்கு எரிப்பவர் வேறொருவர் என்பது காடாம்புலியூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலிக்குக் காரில் போகிறவர் அடைந்த நன்மையை, முள்ளிவாய்க்காலில் பிள்ளையை இழந்தவள் கணக்கில் எப்படி வரவு வைப்பீர்கள்?

2022-ல் இலங்கை கடன் கட்ட முடியாமல் விழுந்தது. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற மக்களே ராஜபக்சே சகோதரர்களைப் பதவியிலிருந்து விரட்டினார்கள். பொருளாதாரச் சீரழிவுக்கு அவர்களும் பொறுப்பு என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. "பார்த்தாயா, வரவும் போச்சு!" என்று சிலருக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. கஜானா நிறைந்திருந்தால் மட்டும் முள்ளிவாய்க்கால் நியாயமாகிவிடுமா? பெட்ரோலுக்காக விரட்டியது நீதி கிடைத்ததாக ஆகாது.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட உட்கார்ந்த தாய்மார்கள் சாலை கேட்கவில்லை. ராணுவத்திடம் எங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லாதவரை அந்தக் கணக்கை மூடும் உரிமை அவருக்கும் இல்லை, அவருக்காக வாதாடும் நமக்கும் இல்லை.