பாகூரிலும் எடை ஏறுகிறது

“ஏரியும் வயலும் இருக்கிற பாகூருக்கு இணையவழி எடைக்குறைப்பு எதற்கு? அது பட்டணத்துக்காரர் பொழுதுபோக்கு” என்கிறார் நண்பர். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வை அவர் புரட்டியிருக்க மாட்டார். அதன்படி, உடல் பருமனில் நாட்டிலேயே முதலிடம் பாகூரும் அடங்கிய புதுச்சேரிக்கு: பெரியவர்களில் 53.3 சதவீதம். நடவும் அறுப்பும் இயந்திரத்திடம் போய்க்கொண்டிருக்கின்றன. வில்லியனூரில் பால் பூத்துக்குக்கூட ஸ்கூட்டிதான்.

நண்பரின் அடுத்த வாதம்: “சோற்றைக் குறைக்க மருத்துவர் வேண்டுமா?” வேண்டும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு விழுங்குகிற அக்கா, ஏதோ வீடியோவைப் பார்த்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினால், வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டி உட்கார்ந்துவிடுவார். சோற்றோடு மாத்திரையையும் எவ்வளவு குறைப்பது என்பதை, அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல முடியும். இணையவழியில் மருத்துவரிடம் பேசாமல், அதற்காக ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஜிப்மர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறச் சொல்வாரா நண்பர்?

இணையவழி மருத்துவத்தில் மோசடி உண்டு, மறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி மருத்துவர் தம் பதிவெண்ணைக் காட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவு மருந்து எழுதக் கூடாது. பதிவெண் கேட்டால் மழுப்புகிறவர், நோயாளியிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமலே மவுன்ஜாரோ என்ற எடைக்குறைப்பு ஊசியை அனுப்பிவைக்கிறவர், இவர்களை நண்பர் திட்டட்டும்; நானும் சேர்ந்துகொள்கிறேன்.