தோப்புக்கு நிவாரணம், கூலிக்கு நாமம்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அடுத்த நாள் விடியறதுக்குள் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணீர். தென்பெண்ணைக் கரையில் நெல்லு, வாழை, தோப்பு எல்லாம் சேற்றில் படுத்தது.

அரசாங்கம் கணக்குப் போட்டது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் இறவை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். பல்லாண்டுப் பயிருக்கும் மரத்துக்கும் 22,500. வாங்கட்டும், வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் அந்த மரத்துக்குக் குழி வெட்டினது யாரு, தண்ணி கட்டினது யாரு? எங்க சின்னம்மா கொய்யாத் தோப்புக் கூலி. நாலு மாசம் வேலை இல்லை. "மரம் விழுந்தா மரத்துக்குக் காசு. நான் விழுந்தேனே, என்னை எந்த ஹெக்டேர்ல சேர்ப்பாங்க?" என்று கேட்டாள். அடங்கலில் பேர் இல்லாதவளுக்குச் சேதமே நடக்கவில்லை என்பதுதான் சர்க்கார் பதில்.

இப்போது தோப்பை நிமிர்த்தப் புது வழி சொல்கிறார்கள்: பண்ணைச் சுற்றுலா. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்த வருகிற கூட்டத்தை மாந்தோப்புக்கும் இழு என்கிறார்கள். சென்னைக்காரர் காசு கொடுத்து ஒரு மணி நேரம் பழம் பறிப்பாராம், அதுக்குப் பேர் அனுபவம். சின்னம்மா நாளெல்லாம் பறித்தால் கூலியில் பேரம். அதே தென்பெண்ணைப் பக்கத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க நம் சனம் 2023 ஜனவரி 30 வரை காத்துக் கிடந்தது, அதுவும் போலீஸ் காவலோடு. வெளியூர் விருந்தாளியை எவன் தடுப்பான்?

"உங்களுக்கும் வேலை கிடைக்குமே" என்கிறார்கள் நல்ல மனசுக்காரர்கள். கிடைக்கும்: வாட்ச்மேன், கக்கூஸ் கழுவ, போர்வை துவைக்க. சோறாக்கக் கூப்பிடுவானா, சொல்லுங்கள்!

நிலம் எங்கே போச்சு? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகும் பஞ்சமருக்குத்தான் விற்கலாம். மற்றவன் வாங்கினால் செல்லாது. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதைத் திருப்பிக் கேட்டதுக்குத்தான் 1994 அக்டோபரில், காரணை நிலப் போராட்டத்தில், ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள்.

மாணவத் தோழர்களே, தோப்பு விடுதி எதற்கும் சர்க்கார் மானியம் கொடுக்கும் முன் அந்த சர்வே நம்பர் பஞ்சமியா என்று பழைய பதிவேட்டில் பார்க்கச் சொல்வோம். இழந்த கூலி நாட்களையும் நிவாரணக் கணக்கில் ஏற்றச் சொல்வோம். தகவல் உரிமை மனு பத்து ரூபாய்தான். முதல் மனுவை நான் எழுதிவிட்டேன், சின்னம்மா பறிக்கிற தோப்பின் சர்வே நம்பருக்கு.