ரத்தம் நம்முடையது, பரிசோதனை யாருக்கு?

விழிதியூர் காலனியில் வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணுக்குக் கால் வீங்கினால் 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று சொல்லிவிடுகிறோம். தலைவலி, கண் மங்கல் என்றால் வெயிலில் களை பறித்ததனால் என்கிறோம். ஐந்து மாதத்துக்கு மேல் இவை ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால், அது 'பிரீ எக்லாம்ப்சியா' என்ற நோயாக இருக்கலாம். முற்றினால் வலிப்பு வரும். தாயும் சேயும் சேர்ந்தே போகும் ஆபத்து உண்டு.

இந்த நோயின் முடிச்சில் ஒன்றை அவிழ்த்தவர், சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா போன ஆனந்த் கருமஞ்சி. நோயுற்ற பெண்களின் நஞ்சுக்கொடியில் ஒரு புரதம் அளவுக்கு மீறிச் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கிறது, ரத்த நாளங்களைக் காக்கும் பொருள்களை அது பிடித்து முடக்குகிறது என்று 2003-இல் அவருடைய குழு காட்டியது. அந்தப் புரதத்தைச் சினை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. இருபது ஆண்டு கழித்து, 2023 மே மாதம், நோய் இரண்டு வாரத்துக்குள் கடுமையாகுமா என்று கணிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. தயாரித்தது தெர்மோ ஃபிஷர் நிறுவனம்.

அதே நிறுவனத்தின் பெயர் அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு செய்தியிலும் வந்தது. ஹென்ரியட்டா லாக்ஸ் புகையிலை வயலில் உழைத்து வளர்ந்த கறுப்பினப் பெண். 1951-இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு பால்டிமோர் நகரில் சிகிச்சைக்குப் போனார். அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அவற்றை விற்று லாபம் பார்த்ததாகக் குடும்பத்தார் போட்ட வழக்கில்தான் அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஹென்ரியட்டா இறந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

தூர தேசத்துக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், ஆய்வுக்காகப் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பல இடங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான். கேட்காமல் போட்டதுதான் குற்றம். விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதற்காக ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூருவில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 11,000 பெண்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது. இந்த நோயைத் தடுக்கத் தினமும் 1,500 மில்லிகிராம் கால்சியம் கொடுத்தாலும் 500 கொடுத்தாலும் பலனில் பெரிய வித்தியாசமில்லை என்று தெரிந்தது. மூன்று மாத்திரைக்கு ஒன்று போதும் என்றால், மாத்திரையை விழுங்க முடியாமல் கூரையில் செருகிவைக்கும் நம் பெண்களுக்கு அது பெரிய லாபம்.

காரைக்காலில் 2016 முதல் ஜிப்மர் கிளை நடக்கிறது. இங்கே ஆய்வு நடந்தால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்று வாயால் சொல்ல வேண்டும். முடிவைக் காலனிக்கே வந்து சொல்ல வேண்டும். புதிய பரிசோதனை இந்தியாவில் பரவும்போது அது தனியார் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடக் கூடாது. அதுவரை ரத்த அழுத்தக் கருவியும் சிறுநீர்ப் பரிசோதனையும் போதும், நோயைப் பிடித்துவிடலாம். வலிப்பு வரும் ஆபத்தை மெக்னீசியம் சல்பேட் ஊசி பாதியாகக் குறைக்கும் என்று 2002-லேயே நிரூபித்தாயிற்று. விலையும் மலிவு.

நம் மாணவர்கள் ரத்தம் கொடுக்கும் பக்கத்தில் மட்டும் நிற்காமல், அதைச் சோதிக்கும் பக்கத்துக்கும் போக வேண்டும். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ஆய்வகத் தொழில்நுட்பம் எல்லாம் அதற்கான படிப்புகள்தான். இட ஒதுக்கீடு இருந்தும், விண்ணப்பிக்கும் தேதி தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். விழிதியூர் படிப்பகத்து இளைஞர்கள் அந்தத் தேதிகளை எழுதி ஒட்டலாம். பக்கத்திலேயே இன்னொன்றையும் ஒட்டுங்கள்: 'கர்ப்பிணி அட்டையில் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எழுதினார்களா? 140க்கு 90 தாண்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.'