இயந்திரக் கணக்கப்பிள்ளை

இணையக் கடை நடத்தும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. கடையின் தரவுகளை அறிக்கை தயாரிக்கும் மென்பொருளுடன் இணைத்துவிட்டால், இரவு கண்விழித்துப் பேரேடு எழுத வேண்டியதில்லை. விடியுமுன் அறிக்கை ஆயத்தமாயிருக்கும். ஆனால், இந்தக் கணக்கப்பிள்ளை சொன்னதை மட்டுமே செய்வார்.

பல மென்பொருள்கள் கிரீனிச் நேரத்தையே கொள்கின்றன. இலங்கை நேரமோ அதற்கு 5½ மணி முந்தியது. முதலாந் திகதி அதிகாலை 4 மணிக்கு நமக்கு வந்த கொள்வனவுக் கட்டளை, அங்கே முந்தைய நாள் இரவு 10.30 ஆகிச் சென்ற மாதக் கணக்கிற் சேர்ந்துவிடும். திரும்பிவந்த சரக்கும் சிலவேளை விற்பனையாகவே நிற்கும். அந்தப் பொய் இலாபத்தை நம்பிக் கடன்பட்டால் குடும்பத்தின் கதி என்னாகும்?

ஆதலால், இணைத்த முதல் மாதம் கையாலும் ஒரு கணக்கு எழுதுவோம். இரண்டும் ஒத்தபின் இயந்திரத்தை நம்புவோம்.