பூட்டைச் சோதித்தீர்களா?

 

எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஒரு திங்கட்கிழமை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவுச் சந்தை நடத்தித் திரட்டிய பணத்தில் வாங்கிய தமிழ் கற்றல் மென்பொருளை நான்காம் ஆண்டு மாணவர்கள் திறந்தார்கள். ‘உரிமம் செல்லாது’ என்றது திரை! ஓராண்டு உரிமம் அது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆறு கணினிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து, நாள் பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. மற்றவற்றில், அன்று இணையம் இல்லாததால், உரிமத்தைச் சரிபார்க்கும் வழங்கியை எட்ட முடியவில்லை.

விற்பனையாளரை அழைத்தேன். “எங்கள் அலுவலகத்தில் சோதித்தபோது நன்றாகத்தானே இயங்கியது, டீச்சர்!” என்றார்.

அங்கே எதைச் சோதித்தார்கள்? சரியான திறவுகோலை இட்டால் பூட்டு திறக்கிறதா என்பதை மட்டும்தான். உரிமம் முடிந்தால்? இணையம் அறுந்தால்? நாள் பிழையானால்? வன்தட்டை மாற்றினால்? இவை ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பதல்லவா சோதனை!

“ஓராண்டு காத்திருந்தா உரிம முடிவைச் சோதிப்பது?” என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. விண்டோஸ் 8 வந்த 2012-லேயே, உண்மைக் கடையைத் தொடாமல் உரிமம் முடிந்த நிலையைப் போலியாக உண்டாக்கிப் பார்க்கும் வசதியை மைக்ரோசாப்ட் நிரலாளருக்குத் தந்தது. ஆப்பிளின் எக்ஸ்கோட் 12 (2020), சந்தாக் காலத்தை விரைவாக ஓட்டிக் காட்டியது. கருவி இல்லை என்பது சாக்கு!

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியுள்ளன. 2007 ஆகஸ்டில், முழுமை பெறாத நிரல் தவறுதலாக மைக்ரோசாப்டின் சரிபார்ப்பு வழங்கிகளில் ஏறியது. முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவர்களின் விண்டோஸ் ‘போலி’ எனப்பட்டது. வழங்கி எட்டாவிட்டால் வாடிக்கையாளரை நம்பும்படிதான் அதை அமைத்திருந்தார்கள். ஆனால் அன்று வழங்கி நிற்கவில்லை. தவறான விடையைச் சொன்னது! 2008 ஆகஸ்டு 12 அன்று, விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் 3.5 இரண்டாம் புதுப்பிப்பில் மெய்நிகர்க் கணினிகளை இயக்க முடியாமற் போயிற்று. சோதனைப் பதிப்புக்கு இட்ட காலவரம்பை நீக்க மறந்து வெளியிட்டிருந்தார்கள். அதன் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார்.

“திருட்டுப் படி எடுக்கிறார்களே, பூட்டு வேண்டாமா?” வேண்டும். தமிழ் மென்பொருளுக்குச் சந்தை சிறியது. செய்தவர் பிழைக்க வேண்டும். நம் பள்ளிகளிலும் வட்டுகள் கைமாறியதை நான் மறைக்கவில்லை. ஆனால் திருடியவர் பூட்டை உடைத்த படியை வைத்திருக்கிறார். அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பணம் கொடுத்தவர் பிள்ளைகளே வாசலில் நிற்கிறார்கள்!

ஆகவே, அடுத்த முறை சங்கம் காசோலையில் கையொப்பமிடுமுன், விற்பவரின் முன்னிலையில் நம் கணினியிலேயே இவற்றைச் செய்து பார்ப்போம்:

1. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு மென்பொருளைத் திறப்போம்.
2. கணினியின் நாளை ஓராண்டு முன்னும் பின்னும் மாற்றுவோம்.
3. ஒரு கணினியிலிருந்து நீக்கி, அதே உரிமத்தை இன்னொன்றில் ஏற்றுவோம்.
4. உரிமம் முடிந்தபின் மாணவர் செய்த பயிற்சிகள் திறக்கின்றனவா எனக் கேட்போம்.

ஐயம் எழுந்தால் சில நாள்களாவது பாடம் தொடரட்டும். எச்சரிக்கை ஆசிரியருக்கு வரட்டும். இதை எழுத்தில் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வினாத்தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் நாமே ஒருமுறை விடையெழுதிப் பார்க்கிறோம். அந்தப் பொறுப்பை மென்பொருள் செய்வோரிடம் எதிர்பார்ப்பது குற்றமா? அன்று இழந்த ஒரு மணி நேரப் பாடத்தை எந்த உரிமமும் திருப்பித் தராது!