சிகிச்சையின் எல்லை உயிரோடு முடிவதில்லை

தொற்றுநோய்க் காலத்தில் வைத்தியசாலையின் கதவு உறவினருக்கு மூடப்படும்போது, நோயாளிக்கு எஞ்சும் ஒரே மனிதத் துணை தாதியரே. 2020ஆம் ஆண்டைத் தாதியருக்கும் மருத்துவ மாதுக்களுக்குமுரிய ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் பிரகடனப்படுத்தியிருந்தது. அதே ஆண்டில்தான் கொரோனா அவர்களது பணியை உலகெங்கும் உரைத்துப் பார்த்தது.

நோயை மட்டுமன்றி நோயாளியின் மொழி, உணவு, வழிபாடு, அச்சம் ஆகியவற்றையும் கருத்திற்கொள்வதே ஆளை மையப்படுத்திய பராமரிப்பு. திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் பயிலும் மாணவர்களுக்கு இது பாடநூலில் உள்ள பாடம். ஆனால், கொள்கை வகுப்போர் அதை மறந்தால் தாதியரால் தனித்து என்ன செய்ய முடியும்?

கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கவோ எரிக்கவோ முடியும் என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இருந்தும் அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் சிசுவின் ஜனாஸாவும் அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீக்கப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வரவேற்கத்தக்கதே, எனினும் எரிந்த உடல்களை அது மீட்டுத் தராது.

இதனை முஸ்லிம்களின் மனக்குறையாக மட்டும் கருதுவது தவறு. இறந்தால் உடல் எரிக்கப்படும் என அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார். வைத்தியசாலைக்கு வரத் தயங்குவார். நோய் அவரது வீட்டோடு நின்றுவிடாது. நம்பிக்கை குலையும் இடத்தில் தொற்றுத் தடுப்பும் குலைகிறது. தமது பெற்றோரின் முகத்தை இறுதியாகப் பார்க்கவும் கிரியைகளை முறைப்படி செய்யவும் இயலாது தவித்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வேதனை அந்நியமானதன்று. காணாமற்போனோருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வடக்கு மக்களுக்கு, உடலொன்றின் இறுதி மரியாதை எத்தகையது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்த தொற்று வருமுன் செய்ய வேண்டியவை சில உள்ளன. அனுமதியின்போதே நோயாளியின் மொழியும் சமய விருப்பங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். தனிமைப்படுத்தல் விடுதியிலிருந்து குடும்பத்தினருடன் தொலைபேசியில் பேச நாளாந்தம் வாய்ப்பளிக்கப்பட வேண்டும். இவற்றை நிறைவேற்றப் போதிய தாதிய ஆளணி அவசியம்; தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழறிந்த தாதியர் கிடைப்பதும் அவசியம். இறுதிக்கிரியை பற்றிய முடிவுகள் அரசியல் கணக்கின்படியன்றி, விஞ்ஞான அடிப்படையிலும் சமயப் பெரியார்களின் ஆலோசனையுடனும் எடுக்கப்படுதல் வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. கட்டிலில் கிடப்பவர் ஓர் இலக்கமல்லர், மனிதர் என்ற எண்ணமே தேவை. அவ்வெண்ணத்தைத் தாதியரிடம் எதிர்பார்க்கும் அரசு, முதலில் தன்னிடம் அதனை வளர்த்துக்கொள்ள வேண்டும்.